5,000 ரிங்கிட்டில் டே டிரேடிங்: வகுப்புக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் வேலை செய்கிறேன். 5,000 ரிங்கிட் சேர்த்திருந்தேன். பங்கை வாங்கி அன்றே விற்கும் டே டிரேடிங் கற்றுக்கொள்ள ஆசை. ஜார்ஜ்டவுன் ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு, கட்டணம் 2,888 ரிங்கிட். 200 முன்பணம் கட்டிவிட்டேன். "கொன்ட்ரா இருக்கு, முழுப் பணம் வேண்டியதில்லை" என்கிறார் நடத்துபவர். போகலாமா?

பதில்: போக வேண்டாம், தங்கச்சி. முழுக் கட்டணத்தையும் கட்டினால் மிஞ்சுவது 2,112. முதலில் பாதிக்கு மேல் பாடத்துக்கே போய்விட்டால், அப்புறம் எதை வைத்து வாங்குவது, எதை விற்பது?

அந்த வகுப்பில் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஒரு கணக்கை இங்கேயே போட்டுக் காட்டுகிறேன். 2 ரிங்கிட் விலையுள்ள கவுண்டரில் (ஒரு நிறுவனத்தின் பங்கைச் சந்தையில் இப்படித்தான் சொல்வோம்) 5,000 ரிங்கிட்டுக்கு 2,500 பங்கு வாங்குகிறீர்கள். தரகு இடத்துக்கு இடம் மாறும், 8 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முத்திரை வரி ஆயிரத்துக்கு 1 ரிங்கிட், ஆக 5. வாங்கல் விற்றலைத் தீர்த்து வைப்பதற்கான கிளியரிங் கட்டணம் 0.03 விழுக்காடு, அது ஒன்றரை ரிங்கிட். வாங்கும்போதே 14.50 போய்விட்டது. விலை ஒரு சென் ஏறி, 2.01-க்கு விற்கிறீர்கள். திரையில் 25 ரிங்கிட் லாபம் பச்சையாகத் தெரியும். ஆனால் விற்கும்போதும் இதே மூன்றும் உண்டு. தொகை 5,000-ஐத் தாண்டிவிட்டதால் முத்திரை வரி 6. போக வரச் செலவு ஏறக்குறைய 30. பச்சை லாபத்தில் 5 ரிங்கிட் நட்டம்.

"அப்படியானால் மலிவான பங்கில் நிறைய வாங்கலாமே" என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். 1 ரிங்கிட்டுக்குக் கீழே விலை அரை சென் அரை சென்னாகத்தான் நகரும். 10 சென் பங்குக்கு அரை சென் என்பது 5 விழுக்காடு. விற்கிறவர் 10 கேட்கிறார், வாங்குகிறவர் 9.5-க்கு வரிசையில் நிற்கிறார். நீங்கள் 10-க்கு 50,000 பங்கு வாங்கிவிட்டு, மனசு மாறி உடனே விற்றால் சந்தை அசையாமலே 250 ரிங்கிட் போச்சு. "கோரேங்" கவுண்டர்கள், அதாவது சிலர் சேர்ந்து செயற்கையாக விலை ஏற்றும் பங்குகள், பெரும்பாலும் இந்த விலையில்தான் கிடக்கும். டெலிகிராமில் "காலை 9.15 மணிக்கு வாங்குங்கள்" என்று செய்தி வரும்போது, அனுப்பியவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார். அவர் விற்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் குழு.

இனி கொன்ட்ரா. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பங்கு வாங்கினால் பணம் கட்ட இரண்டு வேலை நாள் அவகாசம் உண்டு; 2019 ஏப்ரலுக்கு முன் மூன்று நாள். அதற்குள் விற்றுவிட்டால் வித்தியாசத்தை மட்டும் தீர்த்தால் போதும். இதுதான் கொன்ட்ரா. எல்லாக் கணக்கிலும் இது கிடையாது. கைப்பணத்துக்கு மட்டும் வாங்கவிடும் மலிவான இணையக் கணக்குகளில் பேச்சுக்கே இடமில்லை. வசதி இருக்கிற கணக்கிலும் நாளை எண்ணத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்கினால் கெடு செவ்வாய்க்கிழமை. தைப்பூசம் நடுவில் வந்தால் ஒரு நாள் தள்ளிப் போகும். ஆனால் ஜூலை 7, ஜார்ஜ்டவுன் மரபுடைமை நாள், பினாங்கில் விடுமுறை. கோலாலம்பூரில் இருக்கிற பங்குச்சந்தையான புர்சாவுக்கு விடுமுறை இல்லை. நீங்கள் வீட்டில் படுத்திருப்பீர்கள், உங்கள் நாள் ஓடிக்கொண்டிருக்கும். கெடு தாண்டினால் தரகு நிறுவனமே விற்றுவிடும், கிடைத்த விலைக்கு. குறைகிற தொகையை வட்டியோடு நீங்கள் கட்ட வேண்டும்.

நான் ரெமிசியராக, அதாவது தரகு நிறுவனத்தின் கீழ் கமிஷனுக்குப் பங்கு வாங்கி விற்றுக் கொடுப்பவனாக, இருந்தவன். 1993 முடிவில் 1,200-ஐத் தாண்டி நின்ற கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1998 செப்டம்பர் 1 அன்று 262-க்கு வந்தது. நடுவில் கொன்ட்ராவில் கட்டாமல் போன வாடிக்கையாளர்களின் பாக்கியை என் கமிஷனில் பிடித்தார்கள். தரகில் பங்கு நிறுவனத்துக்கு, வராக்கடன் ரெமிசியருக்கு. அதனால் "முழுப் பணம் வேண்டியதில்லை" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

அந்த ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா? எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று ஆலோசனை சொல்வதைத் தொழிலாக நடத்த, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமம் வேண்டும். இல்லாவிட்டால் 10 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. உரிமம் உள்ளவர்களின் பதிவேடு கமிஷனின் இணையத்தளத்தில் இருக்கிறது, பெயரைத் தட்டினால் தெரியும். "நாங்கள் கல்வி மட்டும்தான்" என்று நழுவுவார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனால் எங்களிடம் விளக்கக் கடிதம் கேட்ட அமைப்பு, இவர்கள் ஹோட்டல் ஹாலில் மைக் பிடித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறுவதற்குள் குழு மூன்று பெயர் மாற்றியிருக்கும். "உங்கள் கடவுச்சொல்லைக் கொடுங்கள், நானே டிரேட் செய்கிறேன், லாபத்தில் பங்கு போதும்" என்றால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

கற்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. புர்சா அகாடமி இணையத்தளத்தில் பாடங்கள் இலவசம். உரிமம் பெற்ற தரகு நிறுவனத்தில் கணக்குத் திறந்து, மூன்று மாதம் வாங்காமல் பாருங்கள். நோட்டில் எழுதுங்கள்: என்ன விலைக்கு வாங்கியிருப்பேன், எந்த விலையில் நட்டத்தோடு விற்று வெளியேறுவேன் (கட் லாஸ்), செலவு போக என்ன மிச்சம். பிறகு ஒரு லாட், 100 பங்கு, வாங்கிப் பாருங்கள். 200 ரிங்கிட் பங்குக்குப் போக வர 18 ரிங்கிட் செலவு. அநியாயம்தான், இருந்தாலும் 2,888 அல்ல. ஓய்வு நாளில் மட்டும் செய்யுங்கள். சந்தை 9 மணிக்குத் திறக்கும், முதல் அரை மணி நேரம்தான் பேயாட்டம். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்த கண்ணுக்கு 0.205-உம் 0.250-உம் ஒன்றாகத்தான் தெரியும். ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்குப் பணத்தை இதற்காக எடுக்காதீர்கள்.

200 முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், எழுத்தில் இருக்கட்டும். பணம் போனது நிறுவனக் கணக்குக்கா, தனி ஆள் கணக்குக்கா என்று ரசீதைப் பாருங்கள். தனி ஆள் என்றால் மோசடிக்காரர்களின் வங்கிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைத் தட்டுங்கள். புகார் இருப்பதாகக் காட்டினால் வங்கிக்கும் மோசடிப் புகார் எண் 997-க்கும் உடனே அழையுங்கள், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.