சுழற்சியில் உருவாகும் திடப்பொருளின் கன அளவு: கேள்வி பதில்

கே: ஒய் = எக்ஸ், ஒய் = எக்ஸ்² இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியை எக்ஸ் அச்சைப் பொறுத்துச் சுழற்றினேன் சார். எனக்கு பை/30 வருகிறது, புத்தகத்தில் 2பை/15. எங்கே பிசகு?

ப: உயரங்களைக் கழித்துவிட்டு வர்க்கம் எடுத்திருக்கிறீர்கள். பலரும் தடுக்கி விழும் இடம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். அச்சுக்குச் செங்குத்தாக ஒரு மெல்லிய துண்டு வெட்டிப் பாருங்கள். போல்ட்டுக்குப் போடும் வாஷர் மாதிரி நடுவில் துளையோடு வரும். அதன் பரப்பு, பெரிய வட்டத்தின் பரப்பில் சின்ன வட்டம் போக மிச்சம். ஆக முதலில் வர்க்கம், அப்புறம்தான் கழித்தல்: எக்ஸ்² − எக்ஸ்⁴. 0 முதல் 1 வரை தொகையிட்டால் 1/3 − 1/5, அதாவது 2/15. பையால் பெருக்கினால் விடை.

நீங்கள் தொகையிட்ட (எக்ஸ் − எக்ஸ்²)² துளையே இல்லாத வேறொரு திடப்பொருளுக்கு உரியது. பகுதியை அச்சின் மேலேயே இறக்கி வைத்துச் சுழற்றியதற்குச் சமம். அதனால்தான் கால் பங்காகிவிட்டது.

கே: அதே பகுதியை ஒய் = −1 என்ற கோட்டைப் பொறுத்துச் சுழற்றச் சொன்னால்?

ப: ஆரத்தை எப்போதும் சுழலும் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். இங்கே அவை எக்ஸ் + 1, எக்ஸ்² + 1. விடை 7பை/15. அச்சு தள்ளிப்போனால் கன அளவு கூட வேண்டும், கூடியிருக்கிறது.

கே: இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு முதலில் தேவைப்பட்டது?

ப: ஆர்க்கிமிடீஸ் காலத்திலேயே உண்டு. எனக்குப் பிடித்தது வானியலாளர் கெப்ளர் கதை. 1613இல் லின்ஸ் நகரில் தம் இரண்டாம் திருமணத்துக்கு மது வாங்கினார். வியாபாரி பீப்பாய்க்குள் ஒரு கோலைச் சாய்வாக விட்டு, நனைந்த நீளத்தை வைத்தே விலை சொன்னார். வடிவம் மாறினாலும் அதே கோலா என்று கெப்ளருக்கு உறுத்தியது. 1615இல் பீப்பாய்களின் கன அளவு பற்றி ஒரு நூலே வெளியிட்டார். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நியூட்டன் அப்போது பிறக்கவே இல்லை!

கே: வாஷர் முறை இருக்கும்போது ஷெல் முறை எதற்கு?

ப: ஒய் = எக்ஸ் − எக்ஸ்³ வளைவரைக்குக் கீழே 0 முதல் 1 வரை உள்ள பகுதியை ஒய் அச்சைப் பொறுத்துச் சுழற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். வாஷர் போட எக்ஸை ஒய் வழியாக எழுத வேண்டும், அதற்கு முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். அந்தப் பாடு வேண்டாம். அச்சுக்கு இணையாக ஒரு கீற்று வரையுங்கள். அது சுழன்றால் உருளை ஓடு, அதுதான் ஷெல்: சுற்றளவு 2பை எக்ஸ், உயரம் எக்ஸ் − எக்ஸ்³. பெருக்கித் தொகையிட்டால் 2பை(1/3 − 1/5) = 4பை/15. இரண்டே வரி.