ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாவுக்கு மீன் எண்ணெய் சாப்பிட்டால் இன்ஹேலரை விடலாமா?

விடக் கூடாது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளவில்லை, மூக்கில் சதை வளர்கிறது, ஒமேகா-3 எடுத்தால் மருந்தைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே நோய்தான். உணவை மாற்றிப் பார்த்ததில் கொஞ்சம் பலனும் கிடைத்தது. ஆனாலும் இன்ஹேலர் இன்றைக்கும் என் பையில்தான் இருக்கிறது.

எனக்கு இது தெரியவந்தது ஒரு பல்வலியால். இப்யூபுரூஃபன் ஒன்று போட்டுக்கொண்டு படுத்தேன். முக்கால் மணி நேரத்துக்குள் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி மூக்கு ஒழுகியது. முகமும் கண்ணும் சிவந்து காந்தின. அப்புறம் நெஞ்சு இறுகிப்போய், இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. அவசரப் பிரிவில் நெபுலைசர் வைத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். என்ன மாத்திரை போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து மூக்குச் சதையை எடுத்த மருத்துவர்தான், “வலி மாத்திரை ஏதாவது போட்டால் இழுப்பு வருமா?” என்று கேட்டார். ஆஸ்துமா, மூக்குச் சதை, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்து வருவதை 1922-லேயே பிரான்சில் விடால் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். 1968-இல் சாம்டர், பியர்ஸ் இருவரும் விரிவாக விளக்கியதால் ‘சாம்டர் முக்கூட்டு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சரி, கொழுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நம் செல்களின் சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு இருக்கிறது. அது ஒரு வழியில் போனால் புரோஸ்டாகிளாண்டின் ஆகும், இன்னொரு வழியில் போனால் லியூக்கோட்ரையீன் ஆகும். மூச்சுக்குழாயைச் சுருக்கி, சளியைப் பெருக்கி, மூக்கை வீங்க வைப்பது இந்த லியூக்கோட்ரையீன்தான். புரோஸ்டாகிளாண்டின் இ2 அதற்குக் கடிவாளம் போல. நம்மைப் போன்றவர்களுக்குச் சாதாரண நாளிலேயே லியூக்கோட்ரையீன் அதிகம், கடிவாளமும் தளர்வு. ஆஸ்பிரின் உள்ளே போய், புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் காக்ஸ்-1 என்ற நொதியை அடைத்ததும் இருக்கிற கடிவாளமும் அறுந்துவிடுகிறது. ஆஸ்பிரின் மட்டுமில்லாமல் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நேப்ராக்சன் எல்லாமே நமக்கு ஆகாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

மீனில் உள்ள இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 அதே நொதிகளுக்காக அராகிடோனிக் அமிலத்தோடு போட்டி போடுகிறது. அதிலிருந்தும் லியூக்கோட்ரையீன் உண்டாகும், ஆனால் வீரியம் மிகக் குறைந்த வகை. காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான யோசனை. நானும் அப்படி நம்பித்தான் மாத்திரை வாங்கினேன்.

ஆராய்ச்சிகள் அவ்வளவு கச்சிதமாக இல்லை. 1988-இல் ஸ்பெயினில் இந்த நோய் உள்ள 10 பேருக்கு ஆறு வாரம், நாளுக்குச் சுமார் 3 கிராம் இ.பி.ஏ. சேருகிற மாதிரி மீன் எண்ணெய் உணவு கொடுத்தார்கள். கடைசி இரண்டு வாரத்தில் பீக் ஃப்ளோ (பலமாக ஊதும்போது காற்று வெளியேறும் வேகம்) குறைந்தது, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை அவர்கள் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது. அதாவது, மோசமானது. 2018-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு வேறு மாதிரி யோசித்தது. ஒமேகா-3-ஐ நாளுக்கு 3 கிராமுக்கு மேல் ஏற்றினார்கள்; கூடவே லினோலியிக் அமிலம் என்ற ஒமேகா-6-ஐ 4 கிராமுக்குக் கீழே இறக்கினார்கள். இரண்டே வாரத்தில் சிறுநீரில் லியூக்கோட்ரையீன் அளவு குறைந்தது, மூக்குத் தொல்லையும் குறைந்தது. நுரையீரலின் ஊதும் திறன் மட்டும் மாறவில்லை. அதுவும் 10 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. இவ்வளவு சின்ன ஆய்வுகளை வைத்துக்கொண்டு இதைச் ‘சிகிச்சை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், ஒமேகா-3-ஐக் கூட்டுவதோடு ஒமேகா-6-ஐக் குறைப்பதும் முக்கியம் என்ற அந்த யோசனை சரியான திசை என்று நம்புகிறேன்.

என் அனுபவமும் அப்படித்தான். முதலில் மூன்று மாதம் மாத்திரை மட்டும் எடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. சாதாரண 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் இ.பி.ஏ. 180 மில்லிகிராம், டி.எச்.ஏ. என்ற இன்னொரு ஒமேகா-3 120 மில்லிகிராம்தான் இருக்கும் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. 3 கிராம் ஒமேகா-3 வேண்டுமென்றால் அதில் பத்து விழுங்க வேண்டும். பிறகு மருத்துவரிடம் சொல்லிவிட்டு சமையல் எண்ணெயை மாற்றினேன். சூரியகாந்தி, சோயா, சோள எண்ணெய்களில் பாதியும் அதற்கு மேலும் லினோலியிக் அமிலம்தான். பொரித்ததும் பாக்கெட்டில் வருவதும் பெரும்பாலும் இவற்றில் செய்தவையே. அவற்றை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. காலையும் இரவும் பீக் ஃப்ளோ ஊதி நோட்டில் குறித்துவந்தேன்: 380, 390, 380. ஆறு வாரம் கழித்தும் அதே எண்கள்தான். ஆனால் மூக்கு திறந்தது. ஒரு நாள் கை கழுவும்போது சோப்பின் வாசனை வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு! மறுபடி மறுபடி கையை முகர்ந்துகொண்டே நின்றேன்.

இது உணவால்தானா, கூடவே எடுத்த மாண்டெலூகாஸ்ட்டாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மாத்திரையும் இதே லியூக்கோட்ரையீனைத்தான் தடுக்கிறது.

நீங்கள் முயல்வதாக இருந்தால், உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒமேகா-3 அதிக அளவில் போனால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காட் லிவர் ஆயிலை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். இந்த அளவுக்குக் குடித்தால் வைட்டமின் ஏ எல்லை மீறிவிடும். ஆளி விதை போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதிலுள்ள ஒமேகா-3 உடம்பில் இ.பி.ஏ.-வாக மாறுவது மிகக் கொஞ்சம். பீக் ஃப்ளோ இறங்க ஆரம்பித்தால், அந்த ஸ்பெயின் ஆய்வை நினைத்துக்கொண்டு உடனே நிறுத்திவிடுங்கள். முக்கியமாக, “இப்போது குணமாகிவிட்டதா, பார்ப்போம்” என்று வீட்டில் ஆஸ்பிரின் போட்டுச் சோதிக்கவே கூடாது. மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்து, சிறிது சிறிதாக ஆஸ்பிரினைப் பழக்கும் முறை தனியாக இருக்கிறது. மூக்குச் சதை திரும்பத் திரும்ப வளர்கிறது என்றால் அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.