தாங்குமா, இழுக்குமா? பெட்ரோல் பிக்கப்பில் ஃபிப்த் வீல் இழுப்பவர்களின் கேள்விகள்

ஐந்தாவது சக்கரம் என்றால் நம் ஊரில் ஸ்டெப்னி. அமெரிக்காவில் பிக்கப்பின் பெட், அதாவது பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே பூட்டுகிற ஹிட்சுக்கு அந்தப் பெயர். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரியின் முதுகில் கிரீஸ் பூசிக் கிடக்குமே ஒரு தட்டு, அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வந்து மாட்டும் வீட்டு டிரெய்லரையும் ஃபிப்த் வீல் என்றே சொல்கிறார்கள். கோடை லீவு நெருங்குவதால் இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே இதைப் பற்றித்தான்.

ஃபோர்டு எஃப்-250 பிக்கப் வைத்திருக்கிறேன், 7.3 லிட்டர் பெட்ரோல். 14,000 பவுண்டு ஃபிப்த் வீல் ஒன்று பிடித்துப்போய்விட்டது. டீலர் 'தாராளமாக இழுக்கும்' என்கிறார். நம்பலாமா? (டாலஸ்)

இழுக்கும். 430 குதிரைத்திறன், 475 பவுண்டு-அடி டார்க், பத்து கியர். டாலஸ் மாதிரி தட்டையான ஊரில் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆனால் டீலரிடம் கேட்டிருக்க வேண்டியது, தாங்குமா என்று.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாரம் பின்னால் போனால் நுகத்தடி மேலே தூக்கும், முன்னால் வந்தால் மாட்டின் கழுத்தில் உட்காரும். பம்பருக்கு அடியில் மாட்டுகிற சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டி மேல் வைக்கும். ஃபிப்த் வீல் அப்படி இல்லை, 20 சதவீதமும் அதற்கு மேலும் வைக்கும், அதுவும் கிட்டத்தட்ட மொத்தமும் பின் அச்சின் தலையில். உங்கள் 14,000 பவுண்டு டிரெய்லரை முழுசாக நிரப்பினால் கிங் பின்னில், அதாவது டிரெய்லர் மூக்குக்கு அடியில் நீட்டிக்கொண்டு ஹிட்சில் மாட்டும் இரும்பு முளையில், இறங்குவது 2,800 முதல் 3,000 பவுண்டு வரை. டிரெய்லர் விளம்பரத் தாளில் இதைவிடக் குறைவாகப் போட்டிருப்பார்கள். அது காலி டிரெய்லரின் கணக்கு. பேட்டரி, கேஸ் சிலிண்டர், பெரிய சாமான் அறை எல்லாம் மூக்குப் பக்கம்தான் இருக்கின்றன, அதனால் ஏற்ற ஏற்ற முன்பக்கம்தான் கனக்கும்.

இப்போது டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு எண் இருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோடு. பக்கத்து வீட்டுக்காரரின் எஃப்-250 எண்ணும் உங்களுடையதும் ஒன்றாக இருக்காது, சன்ரூஃபும் ஃபோர் வீல் டிரைவும் கூட அதில் கை வைக்கும். உங்களுடையது 3,100 என்று வைத்துக்கொள்வோம். ஹிட்ச் 180 பவுண்டு போனது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்த்து 600. பெட்டில் டூல் பாக்ஸ், விறகு, பிள்ளைகளின் சைக்கிள் 150. மிச்சம் 2,170. கிங் பின் சுமை 21 சதவீதம் என்று எடுத்தால், உங்கள் வண்டி நியாயமாகச் சுமக்கக்கூடிய டிரெய்லர் ஏற்றிய எடையில் சுமார் 10,300 பவுண்டு. 14,000 இல்லை.

டீலர் காட்டிய இழுவை எண் பொய் என்று சொல்லவில்லை. இழுவை எண்ணைக் கணக்கிட எஸ்ஏஇ ஜே2807 என்ற சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கமிருந்து கிளம்பும் 11.4 மைல் ஏற்றத்தில், வெயில் காலத்தில் ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். உங்கள் வீட்டு எண்ணிக்கை அதில் இல்லை.

அதே டிரெய்லர்தான் வேண்டும் என்றால் எஃப்-350 பாருங்கள், அதே எஞ்சினோடு வருகிறது. இன்னொன்று, எஃப்-250யிலேயே டீசல் எடுத்தால் பிரச்சினை தீரும் என்று நினைக்காதீர்கள். டீசல் எஞ்சின் சில நூறு பவுண்டு கூடுதல் கனம், அது பேலோடிலிருந்துதான் கழியும்.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் பேலோடு கூடுமா?

கூடாது. பின்பக்கம் தொங்காமல் நிற்கும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்காது, அவ்வளவுதான். அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழையதுதானே? ஸ்டிக்கர் எண்ணை மாற்றும் பாகம் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

உண்மையான எடையை எப்படித் தெரிந்துகொள்வது?

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கும் பெரிய டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். லாரிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து நம் ஆட்கள் ஒதுங்கிப் போகிறார்கள். யார் வேண்டுமானாலும் ஏறலாம், ஒரு குடும்ப மதியச் சாப்பாட்டை விடக் குறைந்த செலவு. டேங்க் நிரப்பி, எல்லோரும் உள்ளே உட்கார்ந்து, முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு இன்னொன்றில், டிரெய்லர் மூன்றாவதில் வருகிற மாதிரி நிறுத்துங்கள். சீட்டு வாங்கிக்கொண்டு, ஓரமாக டிரெய்லரைக் கழற்றி விட்டு, வண்டியை மட்டும் மறுபடி ஏற்றுங்கள். இரண்டாவது எடைக்குக் காசு ரொம்பக் குறைவு.

என் வண்டியின் சீட்டை உதாரணமாகச் சொல்கிறேன். என்னுடையது ஒரு டன் ரகம், அதாவது எஃப்-350 அளவு வண்டி. டிரெய்லர் இல்லாமல் முன் அச்சில் 4,420, பின் அச்சில் 3,480, மொத்தம் 7,900. டிரெய்லரோடு முன்னால் 4,480, பின்னால் 6,000, டிரெய்லர் சக்கரங்களில் 9,340. வண்டி எடை 7,900-லிருந்து 10,480 ஆகியிருக்கிறது, ஆக கிங் பின் சுமை 2,580. டிரெய்லர் மொத்தம் 11,920, அதில் 21.6 சதவீதம் என் தலையில். முன் அச்சில் வெறும் 60 பவுண்டுதான் கூடியிருக்கிறது, மற்ற எல்லாம் பின் அச்சு வாங்கிக்கொண்டது. பின் அச்சுக்கும் பின் டயருக்கும் தனித்தனி உச்ச அளவு உண்டு, அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

போகிற இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் டிரெய்லர் டேங்கைக் காலியாக வைத்துப் போங்கள். ஒரு கேலன் 8.3 பவுண்டு. 60 கேலன் என்றால் 500 பவுண்டைச் சும்மா சுமந்துகொண்டு போகிறீர்கள்.

ஐ-70 நெடுஞ்சாலை ஏற்றத்தில் எஞ்சின் 4,500 ஆர்பிஎம்மில் அலறுகிறது. மனைவி பயந்து நிறுத்தச் சொல்கிறாள். வண்டி கெட்டுப் போகுமா? (டென்வர்)

கெடாது. இந்த ஒரு கேள்விதான் வருஷா வருஷம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டீசல் எஞ்சின் 2,000 சுற்றுக்குள் செய்கிற வேலையை டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 4,500-இல் செய்யும், அதன் பிறவி அப்படி. ஃபோர்டின் 7.3-க்கு உச்ச சக்தி வருவதே 5,500-இல், ஜிஎம்மின் 6.6 பெட்ரோலுக்கு 5,200-இல். பாதிச் சுற்றில் ஓட்டினால் பாதி எஞ்சினை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி. கியர்பாக்ஸ் இரண்டு கியர் கீழே இறக்கும்போது பதறிப்போய் காலை எடுத்தால் அது மேலே ஏற்றும், வேகம் விழும், மறுபடி இறக்கும். எஞ்சினை விட இந்த ஊசலாட்டம்தான் கியர்பாக்ஸைச் சூடாக்கும். சுமை இழுப்பதற்கென்றே இருக்கும் டோ/ஹால் பட்டனை அழுத்திவிட்டு, ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் வைத்து, சத்தத்தைச் சகித்துக்கொள்ளுங்கள். கூலன்ட் சூடு, கியர்பாக்ஸ் சூடு இரண்டையும் மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

உங்கள் ஊரில் இன்னொரு வில்லன், உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். டில்லனிலிருந்து ஐசன்ஹவர் சுரங்கம் வரை 8 மைல் ஏற்றம், 7 சதவீதம் வரை சரிவு, மேலே 11,000 அடிக்கு மேல். அங்கே 7.3 எஞ்சினின் 430 குதிரையில் 290 தான் மிஞ்சும். 22,000 பவுண்டு மொத்த எடையோடு மணிக்கு 40 மைல் வந்தால் அதுவே நல்ல ஓட்டம். வலது ஓர லேனில் லாரிகளுக்குப் பின்னால் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். டர்போ டீசல்காரர் சீறிக்கொண்டு தாண்டிப் போவார், போகட்டும்.

புதிதாக வாங்குபவர்கள் பின் அச்சு விகிதத்தை, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்ணை, கட்டாயம் பாருங்கள். 3.55-க்கும் 4.30-க்கும் சக்கரத்தில் 21 சதவீத இழுவை வித்தியாசம். வாங்கிய பிறகு மாற்றுவது பர்ஸைக் கிழிக்கும் வேலை.

ஏறுவதை விட இறங்குவதுதான் எனக்குப் பயம். டீசல்காரருக்குப் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, நமக்கு இல்லை. இருப்பது எஞ்சினும் கியரும்தான், எனவே சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். இறங்கும்போதும் 4,500 காட்டும், அலறும், அலறட்டும். வேகம் ஐந்து மைல் கூடினால் ஒரு முறை அழுத்தமாகப் பிரேக் பிடித்துக் குறைத்து, முழுசாகக் காலை எடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்கினால் பிரேக் ஆற நேரமே கிடைக்காது. கருகல் வாசனை வந்துவிட்டதென்றால் ஏற்கெனவே தாமதம். சுரங்கத்திலிருந்து சில்வர்தார்ன் பக்கம் இறங்குகிற வழியில், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே தனிப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். அதை யாரோ ஒருவருக்குத் தேவைப்பட்டதால்தான் போட்டார்கள்.

மைலேஜ்?

கேலனுக்கு 6 முதல் 9 மைல். எதிர்காற்று அடித்தால் 6. உயரமான டிரெய்லர் காற்றைச் சுவர் மாதிரி தள்ளிக்கொண்டு போகிறது, 65-லிருந்து 60-க்கு வந்தாலே வித்தியாசம் தெரியும்.

34 கேலன் டேங்க் என்றால், 7 மைல் வீதம் 238 மைல். கடைசிச் சொட்டு வரை யாரும் ஓட்ட மாட்டோம், அதனால் 170-180 மைலுக்கு ஒரு முறை பங்க். இங்கேதான் பெட்ரோல்காரருக்கு ஒரு தலைவலி, விற்பவர் யாரும் சொல்ல மாட்டார். டிரக் ஸ்டாப்பில் பின்பக்கம் விசாலமாக இருக்கும் லாரி லேன்களில் பெரும்பாலும் டீசல் மட்டும்தான். நீங்கள் 50 அடி ரதத்தை இழுத்துக்கொண்டு, கார்கள் முட்டி மோதுகிற முன்பக்கப் பங்குக்குப் போயாக வேண்டும். பைலட், ஃப்ளையிங் ஜே கடைகள் சிலவற்றில் ஆர்வி (வீட்டு வண்டி) லேன் தனியாக உண்டு, பெட்ரோலும் இருக்கும். முதல் நாள் ராத்திரியே சாட்டிலைட் படத்தில் எந்தப் பங்கில் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்ப முடியாமல் நடுவில் மாட்டி, பின்னால் பத்து கார் ஹாரன் அடிக்க, ஃபிப்த் வீலை ரிவர்ஸ் எடுக்கிற அனுபவம் எனக்கு ஒரு முறை போதும்.

ஷார்ட் பெட் வண்டியில் திருப்பும்போது கண்ணாடி உடையும் என்கிறார்களே?

உடைந்து பார்த்திருக்கிறேன். ஆறரை அடி பெட் என்றால், கூர்மையாகத் திருப்பும்போது டிரெய்லரின் மூலை கேபினின் பின் கண்ணாடிக்கு வரும். திருப்பும்போது பின்னால் நகர்ந்து கொடுக்கும் வகை ஹிட்ச் போடலாம், அல்லது மூலை வெட்டிய மூக்குள்ள டிரெய்லர் எடுக்கலாம். எதுவானாலும் முதல் நாள் காலி மைதானத்தில், ஒருவர் வெளியே நின்று பார்க்க, அங்குலம் அங்குலமாகத் திருப்பி எங்கே முட்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மாட்டும்போது எதில் கவனம்?

கொக்கி பூட்டியதா என்பதில். இதைச் சொல்கிற தகுதி எனக்கு முழுசாக உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழை வரப் போகிறது என்ற அவசரம். பின்னால் வந்தேன், 'டக்' என்று சத்தம் கேட்டது, பூட்டிவிட்டது என்று நினைத்து டிரெய்லரின் முன்பக்கத் தாங்கு கால்களைத் தூக்கிவிட்டு நகர்த்தினேன். கிங் பின் ஹிட்சின் தாடைக்குள் போகாமல் அதன் மேலே உட்கார்ந்திருந்திருக்கிறது. நான்கு அடி நகர்ந்ததும் டிரெய்லர் சறுக்கிப் பெட்டின் இரண்டு பக்கச் சுவர் மேலும் படுத்துக்கொண்டது. டெயில்கேட் அப்பளம். அன்றைக்கு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

அதிலிருந்து, கால்கள் தரையைத் தொட்டபடி இருக்கும்போதே டார்ச் அடித்துத் தாடை மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறேன். பிறகு ஒயரையும், டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் பிரேக்அவே கேபிளையும் மாட்டி, உள்ளே உட்கார்ந்து பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்திக்கொண்டு வண்டியை மெல்ல முன்னால் இழுக்கிறேன். அசையாமல் பிடித்தால்தான் காலைத் தூக்குவது. ஒரு நிமிஷ வேலை.

டிரெய்லர் டயர் பார்க்கப் புதிதாக இருக்கிறது. மாற்றணுமா?

பட்டையைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குக் கடைசியில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். ஐந்தாறு வருஷம் ஆனால் மாற்றுங்கள். காற்றைக் காலையில் கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் சாதாரண லைசென்ஸ் போதுமா?

டிரெய்லரின் உச்ச எடை 10,000 பவுண்டு வரை போதும். 10,001 முதல் 15,000 வரை ஃபிப்த் வீலுக்குச் சாதாரண லைசென்ஸில் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் மேலே என்றால் வணிகம் சாராத கிளாஸ் ஏ. டிரெய்லர் இழுக்கும் யாருக்கும் அங்கே வேக வரம்பு 55.

திருச்சியிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். ஓடும்போது டிரெய்லருக்குள் கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாமா?

சில மாநிலங்கள் நிபந்தனையோடு அனுமதிக்கின்றன, பல அனுமதிப்பதில்லை. சட்டம் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். உள்ளே சீட் பெல்ட் கிடையாது, குழியில் விழுந்தால் அலமாரிக் கதவு திறந்து குக்கர் பறந்து வரும். பிக்கப்பின் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார வையுங்கள். எப்படியும் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை பெட்ரோல் போட நிற்கத்தான் போகிறீர்கள், கால் நீட்டிக்கொள்ளட்டும். அப்புறம் அந்த இரண்டு பேரின் எடையையும், அம்மா மாவரைக்க எடுத்துவரச் சொல்லப்போகிற கிரைண்டரின் எடையையும் கணக்கில் சேர்த்து, கதவு ஸ்டிக்கரை இன்னொரு முறை பாருங்கள்.