சார்ஜ் ஏறாத ஸ்விட்ச்: "போர்டு போச்சு"ன்னா உடனே நம்பிடணுமா?

கேள்வி: அண்ணா, பெரம்பூர்ல இருந்து எழுதறேன். பையனுக்கு அவன் மாமா சிங்கப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல், 2017ல வந்த பழைய மாடல், திடீர்னு சார்ஜ் ஏறல. ஒரு கடைல சார்ஜிங் போர்ட் (சார்ஜர் சொருகற எடம்) மாத்தினோம்னு 1500 வாங்கினாங்க, அப்பவும் ஏறல, இப்ப உள்ள இருக்கற மெயின் போர்டே போச்சு, மாத்தணும், 9000 ஆகும்ன்றாங்க. பையன் 300 ரூபா சால்டரிங் அயர்ன் வாங்கிக் குடு நானே பண்றேன்னு அடம் பிடிக்கிறான். என்ன பண்ணட்டும்?

பதில்: இப்போதைக்கு ரெண்டும் வேணாம்மா. எந்த ஐசி (சிப்) போச்சு, எந்த லைன் ஷார்ட்டுன்னு சொல்லத் தெரியாம "போர்டு போச்சு"ன்னா அவங்க இன்னும் எதையும் அளந்தே பாக்கலைன்னு அர்த்தம், மொதல்ல பொருளை அங்க இருந்து வாங்கிட்டு வந்துடுங்க.

ஸ்விட்ச்சோட வந்த சார்ஜர் அடாப்டர் மேலயே 5 வோல்ட், 15 வோல்ட்னு ரெண்டும் போட்டிருக்கும். மொதல்ல 5ல ஆரம்பிச்சு, கன்சோல் கேட்டதுக்கப்புறம்தான் 15க்கு ஏறும். நடுவுல வோல்ட் காட்டற ஒரு டைப் சி மீட்டர் சொருகினா இது கண்ணால தெரியும். 5லயே நின்னுடுச்சுன்னா ஒண்ணு புதுசா வெச்ச சார்ஜிங் போர்ட் சரியா ஒட்டல (அதுக்கு 24 கால், ஒரு வரிசை அடியில மறைஞ்சிருக்கும், அவசரப்பட்டா அங்கதான் தப்பு நடக்கும்), இல்ல சார்ஜருகிட்ட வோல்ட் கேக்கற எம்92டி36ன்ற ஐசி போயிருக்கும், இல்ல அது பக்கத்துல இருக்கற குட்டி கெப்பாசிட்டர் ஏதாவது ஷார்ட் ஆகியிருக்கும். இந்த மாடல்ல அந்த ஐசி போறது ரொம்ப சகஜம், அதுக்காக போர்டையே மாத்த வேண்டியதில்ல.

அந்த கெப்பாசிட்டர் எவ்ளோ பெருசுன்னு நெனைக்கறீங்க? ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம், ஒரு கடுகுல பாதி கூட தேறாது. நம்ம எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருத்தர் மாத்தும்போது பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன், மைக்ரோஸ்கோப் அடியில ஃப்ளக்ஸ் (சால்டர் நல்லா ஒட்டறதுக்கான பசை) தடவி, ட்வீசரால எடுத்து கொஞ்சம் கோணலாத்தான் வெச்சாரு, ஹாட் ஏர் பட்டு சால்டர் உருகினதும் அது தானா நகந்து ரெண்டு பேடுக்கும் (போர்டுல பார்ட் ஒட்டற செம்புத் திட்டு) நடுவுல நேரா உக்காந்துச்சு, அதுவரைக்கும் அவர் மூச்சே விடல. நீங்க காசு குடுக்கறது அந்தக் கைக்குத்தான், பார்ட்டு விலை ரொம்ப கம்மி.

பையன் கேக்கற அயர்ன் இதுக்கு ஆகாது. இந்த போர்டுல இருக்கறது ஈயம் கலக்காத சால்டர், அது உருக 217 டிகிரி வேணும், போர்டுக்குள்ள இருக்கற செம்பு சூட்டை இழுத்துக்கும், உருகலையேன்னு அழுத்துவான், பார்ட்டோட பேடும் பிச்சுக்கிட்டு வரும், அப்புறம் பேடுக்கு பதிலா மெல்லிசா ஜம்பர் வயர் இழுக்கணும். ஆனா ஆசையைக் கெடுத்துடாதீங்க, செத்துப்போன மொபைல் போர்டு ஒண்ணும் டெம்பரேச்சர் வெக்கற அயர்ன் ஒண்ணும் வாங்கிக் குடுங்க, பழகட்டும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்விட்ச்ல கேம் சேவ் எல்லாம் கன்சோலுக்குள்ளதான் இருக்கும், கார்ட்ரிட்ஜ்லயும் இல்ல, எஸ்டி கார்டுலயும் இல்ல. அந்த மெமரி அதே போர்டுல இருக்கற பிராசசரோட லாக் ஆகியிருக்கும். போர்டை மாத்தினா, நின்டெண்டோவோட ஆன்லைன் சந்தா கட்டி க்ளவுட்ல ஏத்தி வெச்சிருந்தா ஒழிய, பையன் இத்தனை வருஷம் ஆடினது அத்தனையும் போச்சு.

அதனால மொபைல், லேப்டாப் சிப் லெவல் வேலை பண்றவங்களைத் தேடுங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல இருக்காங்க, ஞாயித்துக்கிழமை போகாதீங்க, முக்கால்வாசி கடை மூடியிருக்கும். மைக்ரோஸ்கோப் இருக்கான்னு பாருங்க. செக் பண்ண தனியா எவ்ளோன்னு மொதல்லயே பேசிடுங்க, சீரியல் நம்பர் போட்டு ஜாப் ஷீட் வாங்குங்க, கழட்டின பார்ட்டைத் திருப்பிக் குடுக்கணும்னு சொல்லிடுங்க.

அந்த 1500க்கு பில் இருக்கா? இல்லைன்னா ஜிபே பண்ண ஸ்க்ரீன்ஷாட்டாவது எடுத்து வைங்க. மொதல்ல கடைலயே நிதானமா திருப்பிக் கேளுங்க, தரலைன்னா 1915க்கு ஃபோன் போடுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். காசு வாங்கிட்டு செஞ்ச ரிப்பேர் 2019 நுகர்வோர் சட்டத்துல சேவைக் கணக்குல வரும், மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போனாலும் இவ்ளோ சின்னத் தொகைக்கு ஃபீஸ் கிடையாது. கழட்டின பழைய சார்ஜிங் போர்ட்டை அவங்க தூக்கிப் போடலைன்னா அதையும் கேட்டு வாங்கிடுங்க, அடுத்து பாக்கறவருக்கு அதைப் பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சிடும்.