மரவட்டை: படம் அனுப்பியவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: மழைக்கு மறுநாள் சுவரோரம் செங்கல் நிறத்தில் ஒன்று ஊர்கிறது. சுண்டுவிரல் நீளம்தான். தொட்டால் சுருண்டுகொள்கிறது. இது என்ன இனம்?

பதில்: உருண்டு நீண்ட உடம்பு, துருவேறிய சிவப்பு, முதுகின் நடுவே மெல்லிய கருங்கோடு. படத்தைப் பார்த்தால் ட்ரைகோனியூலஸ் கோரல்லைனஸ் போலத்தான் தெரிகிறது. இதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. இந்தியா, இலங்கை, கரீபியத் தீவுகள், ஃபுளோரிடா என்று பல இடங்களுக்கும் பரவிவிட்டது.

ஆனால் நிறத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். தோலுரித்த புதிதில் எல்லா மரவட்டையும் வெளிறித்தான் இருக்கும். லென்ஸ் இருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆணாக இருந்தால், தலையிலிருந்து ஏழாவது வளையத்தில் கால் வரிசை விட்டுப்போனது போல ஓர் இடைவெளி தெரியும். அங்கிருந்த கால்கள் இனச்சேர்க்கை உறுப்பாக மாறி உள்ளே ஒடுங்கியிருக்கின்றன. அதன் வடிவம் இனத்துக்கு இனம் வேறு. ஆய்வாளர்கள் பெயரை உறுதி செய்வது அதை வைத்துத்தான். அடுத்த முறை அந்த இடத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: பூரான் குட்டியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வேண்டாம். பூரானுக்கு உடம்பின் ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடி கால்; மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி. பூரான் விறுவிறுவென்று ஓடும், கடிக்கும். மரவட்டை கடிக்காது.

கேள்வி: கையில் எடுத்தேன், விரலில் பழுப்புக் கறை. விஷமா?

பதில்: தற்காப்புக்காக மரவட்டை விடும் திரவம் அது; குயினோன் என்ற வேதிப்பொருள் அதில் இருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவுங்கள். கறை சில நாளில் தானாகப் போய்விடும். அந்தக் கையால் கண்ணை மட்டும் தேய்க்காதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது தட்டையாக இருக்கிறது, பாதாம் வாசனை அடிக்கிறது.

பதில்: அது தட்டை முதுகு மரவட்டை, வேறு பிரிவு. அதற்குக் கண்ணே கிடையாது. அந்த வாசனையோடு சிறிதளவு ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவும் வரும். அதனால் பலவற்றை ஒரே மூடிய பாட்டிலில் போட்டு வைக்காதீர்கள், அவையே செத்துவிடும்.

கேள்வி: எங்கே தேடினால் கிடைக்கும்?

பதில்: ஈரச் சருகு, மட்கிய கட்டை, கல்லுக்கு அடி. உடம்பு சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால் ஈரத்தை விட்டு அதிகம் விலகாது. மண்ணில் நீர் தேங்கினால் சுவரேறும். மண்ணுக்கு வெகு ஆழத்திலும் மரவட்டை உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 60 மீட்டர் ஆழத் துளையில் கிடைத்த யூமில்லிபீஸ் பெர்செஃபோனி 2021இல் விவரிக்கப்பட்டது. அதில் ஒன்றுக்கு 1,306 கால்கள். ஆயிரங்கால் பூச்சி என்ற பெயருக்கு நிஜமாகவே ஆயிரத்தைத் தாண்டியது அதுதான் முதல்!