மழைநீர் வடிகால் ஆற்றைக் கெடுக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது?

மழை நின்ற மறுநாள் ஆற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதற்குள் அழுக்கு வந்து, போயும் விட்டிருக்கும்.

வறண்ட நாட்களில் சாலையிலும் கூரையிலும் சேரும் தூசியும் எண்ணெயும் பெரும்பாலும் மழையின் தொடக்கத்திலேயே கழுவப்பட்டு வடிகாலில் இறங்கிவிடும். (மழைநீர் வடிந்து வரும் நிலப்பரப்பு பெரிதானால் இந்த முதல் அலை அவ்வளவு தெளிவாகத் தெரியாது.) ஆகவே வடிகால் வாயில் தானியங்கிக் கருவி வைத்து, ஓடும் நீரின் அளவுக்கேற்ப மழை முழுக்க மாதிரி எடுக்க வேண்டும். ஓட்டத்தை அளக்காமல் செறிவை (ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு மாசு என்பதை) மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை கிலோ மாசு ஆற்றில் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எதை அளப்பது? நீரில் கலந்து நிற்கும் நுண்துகள்கள், பாஸ்பரஸ், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா, டயரிலிருந்து வரும் துத்தநாகம், பிரேக்கிலிருந்து வரும் செம்பு. வழக்கமான பட்டியல் எல்லாவற்றையும் பிடித்துவிடாது: டயர் ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் குயினோன் என்ற நச்சுதான் நகர ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்பது 2020-இல்தான் வெளிவந்தது.

ஆற்றில், வடிகால் சேருமிடத்துக்கு மேலும் கீழும் ஒப்பிடுங்கள். கரைந்த ஆக்சிஜன் பல மணி நேரம் கழித்தும் சரியலாம். இரவிலும் பதிவு செய்யும் உணரி தேவை. எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஆற்றடிக் கல்லைப் புரட்டி, அங்கு வாழும் பூச்சிகளைப் பார்ப்பது. மாசை எளிதில் தாங்காத மேஃபிளை இளம்பூச்சிகள் வடிகால் சேருமிடத்துக்கு மேலே காணப்பட்டு, கீழே காணாமல் போனால், நச்சா, வெள்ள வேகம் அடித்துச் சென்றதா என்று அடுத்துத் தேட வேண்டும்.