லித்தாப்ஸ் சுருங்கினால் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: கூழாங்கல் போலவே இருக்கும் லித்தாப்ஸ் செடி வளர்க்கிறேன். பூத்து முடிந்த பிறகு நடுப்பிளவு அகன்று, உள்ளே புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. வெளி இலைகள் நாளுக்கு நாள் சுருங்குகின்றன. தண்ணீர் போதவில்லையா?

பதில்: தயவுசெய்து இப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். உங்கள் செடி நன்றாகத்தான் இருக்கிறது, இலை மாற்றிக்கொண்டிருக்கிறது.

லித்தாப்ஸுக்கு ஒரு தலைக்கு ஒரு ஜோடி இலைதான். பூ முடிந்ததும் அந்த ஜோடிக்குள்ளேயே அடுத்த ஜோடி உருவாகும். அதற்கு வேண்டிய நீரும் சத்தும் பழைய இலைகளிலிருந்தே போகின்றன. பழையது வற்ற வற்றத்தான் புதியது பருக்கும். தென்னாப்பிரிக்கா, நமீபியா வறண்ட நிலங்களில் மழையில்லாத மாதங்களை இது இப்படித்தான் கடக்கிறது. இந்த நேரத்தில் நீங்கள் தண்ணீர் ஊற்றினால் பழைய இலைகள் வற்றாமல் கொழுகொழுவென்றே நிற்கும், புதிய ஜோடி அவற்றுக்கு நடுவே நெருக்கப்பட்டு உருக்குலையும். அழுகலும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. லித்தாப்ஸைக் கொல்வது அனேகமாக நம்முடைய அக்கறைதான்.

பழைய இலைகள் காகிதம் போலக் காய்ந்து உறையாக ஒட்டிக்கொள்ளும்வரை காத்திருங்கள். சில மாதங்கள்கூட ஆகலாம். பிய்த்து எடுக்கவும் வேண்டாம். அப்புறம் முதல் தண்ணீரை ஊற்றுங்கள்: தொட்டியின் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஒரே தடவையாக. மண் அடிவரை காய்ந்த பிறகே அடுத்தது. சந்தேகம் வந்தால் செடியின் பக்கவாட்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தாகமில்லை. நெகிழ்ந்து, பக்கங்களில் சுருக்கம் விழுந்திருந்தால் ஊற்றலாம். கடும் வெயில் காலத்தில் இது உறங்கும், அப்போது கையை இன்னும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

நடுப்பிளவு தவிர வேறு இடத்தில், அதாவது இலையின் மேலோ பக்கத்திலோ வெடித்திருந்தால் அது வேறு விஷயம். தேவைக்கு மேல் தண்ணீர் குடித்துவிட்டது என்று அர்த்தம். தழும்பு அடுத்த இலை மாற்றத்தோடு போய்விடும். அடிப்பகுதி மஞ்சளாகிக் குழகுழத்தால் மட்டும் பிழைப்பது கடினம்.

மண்ணையும் ஒரு முறை பாருங்கள். முக்கால் பங்குக்கு பியூமிஸ் (துளைகள் நிறைந்த, எடை குறைந்த எரிமலைக்கல்), கரடுமுரடான மணல், பொடிக்கல் இருக்கட்டும். வேர் ஆழமாக இறங்கும் என்பதால் தொட்டி 10 செ.மீ. ஆழமாவது வேண்டும்.

வெளிச்சமும் முக்கியம். இயற்கையில் இதன் உடல் பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும், மேல்பரப்பு மட்டும் கற்களோடு கல்லாகத் தெரியும். 1811-இல் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா என்ற ஊர் அருகே ஆங்கிலேய இயற்கையியலாளர் வில்லியம் பர்ச்செல் விநோதமான கூழாங்கல் என்று நினைத்து எடுத்தது இந்தச் செடியைத்தான்! ஒளி புகும் அந்த மேல்பரப்பின் வழியாகத்தான் உள்ளே இருக்கும் பச்சையத்துக்கு வெயில் போய்ச் சேருகிறது. தினமும் நான்கைந்து மணி நேர நேரடி வெயில் இல்லாவிட்டால் செடி உயரமாக நீண்டு, நிறமும் வெளுக்கும். நிழலில் இருந்ததை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் வெந்துபோகும். படிப்படியாகப் பழக்குங்கள்.

ஏற்கெனவே தண்ணீர் ஊற்றியிருந்தால், காற்றோட்டமான, வெளிச்சமான இடத்துக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். பிளவுக்குள் ஒரு ஜோடிக்குப் பதில் இரண்டு தெரிந்தால் செடி இரட்டைத் தலையாகிறது, அப்போதும் இதே கணக்குதான்.